1967 கமாரோவின் பின்சக்கரம் துள்ளுகிறது: பழையபடி புதுப்பிப்பதா, மேம்படுத்துவதா?

உங்கள் 1967 கமாரோவை (செவர்லேயின் பழைய அமெரிக்கக் கார்) வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரம் தடதடவென்று துள்ளுகிறது என்கிறீர்கள். அது தேய்மானம் மட்டுமல்ல, பிறவிக் கோளாறு.

1967 கமாரோவின் பின்பக்கத்தில் பக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைதான் (வளைந்த எஃகுத் தகடு). அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் இரண்டுமே ஆக்ஸிலுக்கு, அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சுக்கு, முன்னால். வி8 எஞ்சினின் முறுக்குவிசை ஏறும்போது அந்த ஒற்றைப் பட்டை ஆங்கில 'எஸ்' எழுத்துபோல் நெளிந்து, சட்டென்று நிமிரும். மறுபடி நெளியும். இதுதான் துள்ளல். செவர்லே 1968-இல் ஒரு ஷாக்கை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றி வைத்தது. சக்தி கூடிய மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் கொடுத்தது.

கண்காட்சிக்கு மட்டும் என்றால் ஒற்றைப் பட்டையே இருக்கட்டும். ஓட்டப் போகிறீர்கள் என்றால் பல பட்டைக்கு மாறுங்கள். ஆக்ஸிலைப் பிடிக்கும் கீழ்த்தட்டும் போல்ட்டுகளும் அதற்கு வேறு, சேர்த்தே வாங்குங்கள்.

அதற்கு முன் ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடத்தில் துரு அரித்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொத்துக்கொண்டு உள்ளே போனால் முதல் செலவு வெல்டிங்குக்குத்தான்.

அப்புறம் புஷ், அதாவது ஸ்பிரிங் முனையின் துளைக்குள் (கண்) இருக்கும் மெத்தை வளையம். தினசரி ஓட்ட ரப்பரே சுகம். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் புஷ் இறுக்கமானது, சில சமயம் கிறீச்சிடும். ரப்பர் போட்டால், கார் ஜாக்கில் தொங்கும்போது அந்தக் கண் வழியே போகும் போல்ட்டை முழுசாக இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.