அமெரிக்காவில் மேல்நிலை நர்சிங்: எந்தப் பாதை யாருக்கு?

கே: அக்கா, டெக்சாஸில் ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். எஃப்என்பி (ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்) முடித்துவிட்டு ஐசியூவிலேயே தொடரலாமா?

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நர்ஸ் பிராக்டிஷனர், சுருக்கமாக என்பி, என்றால் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் மேல்நிலை நர்ஸ். எஃப்என்பி கிளினிக்குக்கான படிப்பு: சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தைக்குக் காய்ச்சல். வென்டிலேட்டர் நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி அதில் இல்லை. ஐசியூதான் வேண்டுமென்றால் ஏஜிஏசிஎன்பி, அதாவது பெரியவர்களுக்கான அக்யூட் கேர் (கடும் நோய்ச் சிகிச்சை) என்பி. எஃப்என்பி முடித்தபின் மாற நினைத்தால் போஸ்ட் மாஸ்டர்ஸ் சர்டிஃபிகேட், மறுபடியும் கிளினிக்கல் மணிநேரம், மறுபடியும் போர்டு தேர்வு. பணமும் காலமும் கூடுதலாகப் போகும். அது போக, டெக்சாஸில் மருந்து எழுத டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும், அரிசோனாவில் வேண்டாம். எந்த மாநிலத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

கே: சம்பளத்துக்காக சிஆர்என்ஏ (மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்) படிப்புக்குப் போகலாமா?

2023 மே மாத அரசுக் கணக்குப்படி இடைநிலை ஆண்டுச் சம்பளம் சிஆர்என்ஏவுக்கு 2,12,650 டாலர், என்பிக்கு 1,26,260. ஆசை வருவது நியாயம்தான். ஆனால் 2022 முதல் சேர்பவர்களுக்கு டாக்டரேட் கட்டாயம். முழுநேரமாக 36 மாதமாவது ஆகும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நடக்காத காரியம். கல்லூரிக் கட்டணத்தோடு மூன்று வருடச் சம்பள இழப்பையும் கூட்டிப் பாருங்கள். சேர ஒரு வருட முழுநேர கிரிட்டிக்கல் கேர் அனுபவம் குறைந்தபட்சம். ஈஆர் (அவசரப் பிரிவு) அனுபவத்தைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் ஒரே நோயாளியோடு இருப்பது பிடிக்காதவருக்கு இந்தச் சம்பளம் தண்டனைதான்.

கே: ஆன்லைனில் மனநல என்பி படிக்கலாமா?

பாடம் ஆன்லைனில் இருக்கலாம், கிளினிக்கல் நேரில்தான். பிரிசெப்டரை (கிளினிக்கலில் உங்களை மேற்பார்வை செய்பவரை) கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நீங்களே தேட வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போவது சகஜம். உங்கள் மாநில மாணவர்களைச் சேர்க்க அந்தக் கல்லூரிக்கு அனுமதி உண்டா, நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதையும் பாருங்கள்.

கே: சிஎன்எஸ் (கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட்) எப்படி?

நோயாளியைவிட வார்டின் தரம், நர்ஸ்களின் பயிற்சி இவற்றில் ஆர்வம் இருந்தால் நல்லது. மருந்து எழுதும் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கே: தமிழ்நாட்டில் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) முடித்தவள். நேராக என்பி சேரலாமா?

முடியாதும்மா. முதலில் என்சிலெக்ஸ்-ஆர்என் என்ற தேர்வில் தேறி ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் வாங்க வேண்டும். பெரும்பாலான என்பி படிப்புகள் பிஎஸ்என் (நர்சிங் இளங்கலைப் பட்டம்) கேட்கும். ஊரிலேயே இரண்டு வருட போஸ்ட் பேசிக் பிஎஸ்சியை முடித்துவிட்டு வந்தால் செலவு குறையும்.