ஹேட்ச்பேக் காருக்கு அகலமான அலாய் வீல், டயர் போடலாமா?

185/65 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) ஓடும் ஹேட்ச்பேக்குக்கு அகலமான அலாய் வீல் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் டயரின் மொத்த விட்டம் மாறக்கூடாது. இப்போது அது சுமார் 621 மி.மீ. 195/55 ஆர்16 போட்டாலும் ஏறக்குறைய அதேதான். 205/65 ஆர்15 என்றால் 26 மி.மீ. கூடி, ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

பலரும் கோட்டை விடுவது ஆஃப்செட்டில்தான், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதில். ரிம்மில் 'ஈடி 45' என்பதுபோல் பொறித்திருக்கும். அந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும். அப்புறம் பின்சீட் நிறைய ஆள் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கினால் ஃபெண்டர் ஓரம் டயரை அறுக்கும். போல்ட் துளைகளின் அளவும் நடுத்துளையும் பொருந்த வேண்டும். டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்ணான லோட் இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையவே கூடாது. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். என்னைக் கேட்டால், அகலத்தில் 10 மி.மீ. கூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.