சென்சார் சத்தம் நின்றுவிட்டால் பின்னால் இடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். 2021 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார், கம்பெனியிலிருந்தே ரிவர்ஸ் சென்சார் வைத்து வந்த வண்டி. காட்பாடி காந்தி நகரில் ஒரு கடை முன்னால் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது முதலில் பீப் பீப் என்று வந்ததாம், அப்புறம் நின்றுவிட்டதாம், சரி இன்னும் இடம் இருக்கிறது போல என்று எடுத்தவர் பிளாட்பாரக் கல்லில் பம்பரின் அடிப்பக்கத்தை இடித்துவிட்டார். கல் ஒரு சாண் உயரம்தான். ஆக்சஸரீஸ் கடையில் காட்டினால், "கம்பெனி சென்சார் வீக்காக இருக்கிறது, இதைக் கழற்றிவிட்டு எட்டு சென்சார் செட் போடுங்கள், தரையில் கிடக்கிற செங்கல்லைக்கூடப் பிடிக்கும்" என்கிறார்களாம். சென்சார் பழுதா, மாற்றத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் சென்சார் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. தாழ்வான கல்லை நம்பும்படி காட்டுவது அதன் வேலையே இல்லை, அதை வண்டி விற்கும்போது யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

பம்பரில் பொத்தான் மாதிரி இருக்கிறதே, அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து தூரத்தைக் கணக்கிடுகிறது. அவ்வளவுதான், அதற்குக் கண் கிடையாது. இடுப்பு உயரத்தில் டார்ச்சை நேராகப் பிடித்து நடந்தால் தூரத்தில் இருப்பது தெரியும், உங்கள் காலடியில் இருப்பது தெரியாது இல்லையா, அதே கதைதான். பொத்தான் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஒலி கீழ்ப்பக்கமாக 30 டிகிரி வரை விரிகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு சாண் கல் ஒன்றரை அடி தூரம் வரைதான் அதன் எல்லைக்குள் இருக்கும். அதற்கும் கிட்டே போனால் கல் ஒலிக்குக் கீழே போய்விடும். அரைச் சாண் கல் என்றால் இரண்டடிக்கு மேல் தூரம் இருக்கும்போதே மறைந்துவிடும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. தரையிலிருந்து திரும்பி வரும் ஒலியைக் கண்டுகொள்ளாமல் விடும்படிதான் சென்சாரை அமைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஜல்லி கிடக்கிற இடத்தில் எல்லாம் கத்திக்கொண்டே இருக்கும். தாழ்வான கல்லும் பல நேரம் தரைக் கணக்கில் சேர்ந்துவிடும். விளிம்பு மழுங்கிச் சரிந்த கல்லாக இருந்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துவிடும், திரும்பியே வராது.

இப்போது உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதலில் பீப் வந்தது: கல் தூரத்தில் இருந்தபோது சென்சாருக்குத் தெரிந்தது. அப்புறம் பீப் நின்றது: கல் அங்கேயேதான் இருக்கிறது, நீங்கள் கிட்டே வந்ததால் அது கீழே மறைந்துவிட்டது. சுவர் என்றால் இப்படி ஆகாது, நெருங்க நெருங்கச் சத்தம் வேகமாகி, ஓரடி அளவில் விடாமல் ஒரே சத்தமாகிவிடும். அந்தத் தொடர் சத்தத்துக்காகக் காத்திருப்பது நம் பழக்கமாகிவிட்டது. தாழ்வான கல்லுக்குத் தொடர் சத்தம் பெரும்பாலும் வரவே வராது. அதனால் நீங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போது பீப் வந்து, பிறகு குறைந்தாலோ நின்றாலோ, பிரேக்கை மிதித்து வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், இறங்கிப் போய்ப் பாருங்கள். பின்னால் ஆடோ மாடோ கடந்து போயிருக்கலாம், அப்போதும் சத்தம் நிற்கும்தான், ஆனாலும் இறங்கிப் பாருங்கள். வெளியே கார் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். வண்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து விளையாடுகிற குழந்தையும் சென்சாருக்கு இந்தக் கல் மாதிரித்தான், துணி ஒலியை வேறு உறிஞ்சிக்கொள்ளும்.

1 ஜூலை 2019 முதல் தயாராகிற கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் இந்த மாதிரிக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 17386 என்ற சர்வதேசத் தரத்தை எடுத்தால், சோதனைக்கு வைக்கும் பொருள் 1 மீட்டர் உயரமான குழாய். அரைச் சாண் கல்லை வைத்து யாரும் பாஸ் போடுவதில்லை. இங்கே ரோடு போடுகிற லட்சணமும் சேர்ந்துகொள்கிறது. நடைபாதைக் கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று, சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் வழிகாட்டுதலில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு ஒரு தெருவில் கல் நான்கு விரல் உயரம், அடுத்த தெருவில் முழங்கால் உயரம், நடுவில் வீட்டுக்காரர்கள் சாக்கடை மேல் அவரவர் வசதிக்குப் போட்ட சிமெண்ட் ஸ்லாப். தொரப்பாடியிலும் பாகாயத்திலும் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த சென்சாராலும் இதைச் சமாளிக்க முடியாது.

எட்டு சென்சார் கதைக்கு வருவோம். எட்டு என்றால் வழக்கமாகப் பின்னால் நான்கு, முன்னால் நான்கு. பின்னால் இருக்கப் போவது நான்குதான், அதுவும் அதே உயரத்தில். கல் எப்படித் தெரியும்? கடையில் செங்கல்லைப் பிடித்துக் காட்டுவார்கள், அது ஒரு தந்திரம்: சென்சாரைக் கொஞ்சம் கீழ் நோக்கிச் சாய்த்து மாட்டிவிட்டால் கல் தெரியும், ஆனால் சரிவில் இறங்கும்போதெல்லாம் தரையைப் பார்த்துக் கத்தும், நீங்கள் திரும்பப் போய்க் கேட்டால் சென்சிடிவிட்டியைக் குறைத்துத் தருவார்கள், அத்தோடு பழைய நிலைமைக்கும் கீழே போய்விடும். பம்பரில் புதிதாக ஓட்டை போடுவார்கள், ரிவர்ஸ் லைட் வயரை வெட்டி ஒட்டுவார்கள், நாளை எலக்ட்ரிக்கல் கோளாறு என்று போனால் கம்பெனி வாரண்டியில் கைவிரிக்க அதுவே காரணமாகிவிடும். பல சென்சார்களின் பின்பக்கம் எது மேல் பக்கம் என்று குறி இருக்கும், அதைக்கூடப் பார்க்காமல் தலைகீழாக மாட்டி அனுப்பிய வண்டிகள் எங்கள் பட்டறைக்கு வந்திருக்கின்றன. இதையெல்லாம் செய்துவிட்டு, உங்களை அழைத்துக்கொண்டு போன தெரிந்த ஆளுக்குக் கமிஷன் வேறு. தெரிந்தவர் சொன்னார் என்பதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

சென்சார் நன்றாக இருக்கிறதா என்ற சந்தேகம் மட்டும் தீர வேண்டுமென்றால் வீட்டிலேயே பாருங்கள். சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸ் கியர் போடுங்கள். வண்டிக்குப் பின்னால் ஒன்றரை அடியில் உயரமான தண்ணீர் டிரம்மை வைத்து ஒவ்வொரு பொத்தானுக்கும் நேராக நகர்த்திப் பாருங்கள். சத்தம் வந்தால் சென்சார் சரி. வராவிட்டால் முதலில் சேறு துடையுங்கள், டச்சப் பெயிண்ட் தடிமனாக அடித்திருக்கிறார்களா, பின்னால் கம்பி கார்டு மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி என்பதால் இது அவசியம்.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால் ரிவர்ஸ் கேமராவுக்குச் செய்யுங்கள், அதில் கல் தெரியும். அதில் வரும் கோடுகளை அடி அளவாக நம்ப வேண்டாம், மேடு பள்ளத்தில் அது தப்பும். காசே இல்லாத வழியும் இருக்கிறது: ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பக்க சைடு மிரரைக் கீழ் நோக்கிச் சாய்த்துப் பின் சக்கரமும் தரையும் தெரியும்படி வையுங்கள், நிறுத்தியதும் பழையபடி நிமிர்த்திவிடுங்கள். மூக்கை முன்னால் நுழைத்து நிறுத்தும்போதும் இதே கவனம் வேண்டும், உங்கள் வண்டியில் முன்னால் பெரும்பாலும் சென்சாரே இருக்காது, முன் பம்பரின் கீழ் உதடு வழக்கமாகப் பின்னால் இருப்பதைவிடத் தாழ்வு.

கீறலுக்கு இன்சூரன்ஸ் கிளைம் போடலாம், உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை என்று யாராவது வருவார்கள். கிளைம் போட்டால் அதுவரை சேர்ந்த நோ கிளைம் போனஸ் போய்விடும், அதைக் காக்கும் ஆட்-ஆன் தனியாக வாங்கியிருந்தால் ஒழிய. முதல் வருடம் 20 சதவீதம், ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம் வரை, வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி அது. ஜீரோ டெப் பாலிசி, அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் பாலிசி, இருந்தாலும் இது போகும், இரண்டும் வேறு வேறு. அதனால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பம்பர் கிளிப் ஏதாவது உடைந்து தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கினால் பெங்களூரு ஹைவேயில் ஏறுவதற்கு முன் கிளிப்பை மாற்றிவிடுங்கள், சின்னச் செலவுதான். வெறும் கீறல் என்றால் அப்படியே விடுங்கள்.