அக்டோபரில் வேடந்தாங்கல் போகலாமா?

கேள்வி: சென்ற ஆண்டு அக்டோபரில் வேடந்தாங்கல் போனோம். காய்ந்து கிடந்த ஏரியும் நாலைந்து கொக்குகளும்தான் இருந்தன. ஒன்பது வயது மகள் அழுதுவிட்டாள். இந்த ஆண்டு அக்டோபர் மூன்றாம் வாரம் வேடந்தாங்கலையும் கோடியக்கரையையும் சேர்த்து மூன்று நாள் அழைத்துப் போவதாகச் சொல்லி, ஒரு பயண ஏற்பாட்டாளர் முன்பணம் கேட்கிறார். “பூநாரை (ஃபிளமிங்கோ) நிச்சயம்” என்கிறார். நம்பலாமா? முழங்கால் வலியுள்ள என் அப்பாவும் உடன் வருகிறார்.

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். பயணத்தைக் கைவிடவும் வேண்டாம். வேடந்தாங்கலை மட்டும் இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு ஜனவரிக்குத் தள்ளி வையுங்கள்.

சென்ற ஆண்டு நீங்கள் ஏமாந்ததற்குப் பறவைகள் காரணமல்ல. வேடந்தாங்கலுக்கு வரும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் (பெலிகன்) பாம்புத்தாராவும் அங்கே கூடு கட்டுவதற்காக வருகின்றன. ஏரிக்குள் நிற்கும் மரங்களைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனை, கீரி, மனிதன் என எதுவும் கூட்டை எளிதில் நெருங்க முடியாது. குஞ்சுக்கு ஊட்ட நத்தையும் மீனும் சுற்றுவட்டாரத்தில் பெருகுவதும் மழைக்குப் பிறகுதான். வடகிழக்குப் பருவமழையோ வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. அதன்பின் ஏரி நிரம்ப வேண்டும், பறவை வர வேண்டும், இடம் பிடிக்க வேண்டும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போனால், ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடுகளையும், தாயின் தொண்டைக்குள் தலையை நுழைத்து இரை எடுக்கும் கூழைக்கடாக் குஞ்சையும் உங்கள் மகள் பார்ப்பாள்.

ஆகவே எந்த ஏரிக்குப் போவதாக இருந்தாலும் கிளம்புமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “மரத்தடியில் தண்ணீர் நிற்கிறதா?” அதை ஏற்பாட்டாளரிடம் கேட்காதீர்கள், அந்த ஊரில் கேளுங்கள். வேடந்தாங்கல் மக்கள் 1790களிலேயே, பறவைகளைச் சுட்ட சிப்பாய்களைப் பற்றிக் கலெக்டரிடம் முறையிட்டு ஏரிக்குப் பாதுகாப்பு வாங்கியவர்கள். எச்சம் கலந்த தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள்.

இந்தத் தகவலை வனத்துறையே தினமும் சொல்ல வேண்டும். நீர்மட்டம் இவ்வளவு, இன்று கண்ட பறவைகள் இவை என்று இரண்டு வரி போதும். இருபத்தைந்து ஆண்டுகளாக இதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு சரணாலயத்தின் வாசலில் வெயிலில் வெளுத்துப்போன பறவைப் பலகை பத்து ஆண்டுகள் அப்படியே நின்றதைப் பார்த்தேன். அதில் நம் நாட்டிலேயே பிறந்து வளரும் நத்தைகுத்தி நாரைக்கு சைபீரியா என்று ஊர் போட்டிருந்தார்கள். சரியான தகவல் வராத இடத்தில்தான் இந்த ஏற்பாட்டாளர்கள் பிழைக்கிறார்கள்.

இனி பூநாரைக்கு வருகிறேன். காட்டுப் பறவையை நிச்சயம் என்று சொல்ல யாராலும் முடியாது. கோடியக்கரைக்குப் பூநாரைகள் வருவது உண்மை. பெருங்கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் மழை பெய்து சதுப்பு நிறைந்த பிறகு போக வேண்டும். பிறகு எந்தத் தைரியத்தில் இவர் வாக்குக் கொடுக்கிறார்? வழியில் ஏதோ ஒரு குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையைக் காட்டி, “இதோ பூநாரை” என்று சொல்லிவிடுவார். நாரையின் வாலருகே ரோஜா நிறச் சிறகுகள் இருப்பதால் தூரத்தில் நின்று பார்ப்பவர் நம்பிவிடுவார். நீங்கள் அலகைப் பாருங்கள். நாரையின் அலகு நீளமாக, மஞ்சளாக, நுனியில் மட்டும் லேசாகக் கீழே வளைந்திருக்கும். பூநாரையின் அலகு கட்டையாக, பாதியில் ஒடித்து மடக்கியதுபோல இருக்கும், நுனி கறுப்பு. பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து வடிகட்டித் தின்னும். நாரை அப்படிச் செய்யாது. இதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும், உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

பொய் சொல்வதைக்கூட மன்னித்துவிடலாம். என்னால் பொறுக்க முடியாதது, கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைக்கும் பழக்கம். அக்டோபரில் இதற்கு அதிகம் இரையாவது ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து இந்த மாதத்தில்தான் தெற்கே வந்து சேர்கிறது. ஓர் அக்டோபர் காலை எங்கள் மாடிப்படியில் ஒன்று விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, சிறகில் நீலத் திட்டு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. உள்ளங்கையில் எடுத்தபோது ஒரு கோழிமுட்டையின் எடைகூட இல்லை. நெஞ்செலும்பு விரலில் கத்திபோல் உறுத்தியது. அத்தனை தசையையும் பறந்தே தீர்த்திருந்தது. துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்தேன். மாலையில் திறந்ததும் வேலிக்குள் புகுந்து போய்விட்டது. அப்படி வந்து சேரும் உயிரை, இரை தேட வேண்டிய நேரத்தில், இல்லாத எதிரியின் குரலைக் கேட்கவைத்து அலைக்கழிப்பது கொடுமை. வழிகாட்டி கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டால் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தாவிட்டால் இறங்கிவிடுங்கள். கூட்டருகே கூட்டிப்போய்ப் படம் எடுக்க வைப்பவரும் இதே ரகம்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார், சட்டத்துக்கு முன் நிற்பவர் நீங்களாக இருக்கலாம்.

அக்டோபரில் என்னதான் பார்ப்பது? சேற்றைப் பாருங்கள். கோடியக்கரையில், சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வரத் தொடங்கிவிடும். கொசு உள்ளான் ஆர்க்டிக் கடலோரத் தரிசில் முட்டையிடுகிற பறவை, எடை முப்பது கிராமுக்குள். ஈரச் சேற்றில் தையல் இயந்திரத்தின் ஊசிபோலக் குத்திக்கொண்டே ஓடும். அசையாமல் உட்கார்ந்தால் பத்தடி தூரம் வரைகூட வந்துவிடும். கோடியக்கரையின் வெளிமானும் உங்கள் மகளுக்குப் பிடிக்கும். மழையில் அங்கே மண்பாதை சேறாகிவிடும், அக்டோபர், நவம்பர் புயல் மாதங்கள் வேறு. வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அக்டோபரில் ஏரிகள் காய்ந்திருக்கும் என்றேன். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் பயணத்துக்கு உதவப்போவது அதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். காவிரித் தண்ணீர் பாயும் ஏரிகள் வடகிழக்கு மழைக்குக் காத்திருப்பதில்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே திருவாரூர் மாவட்டத்து வடுவூருக்கும் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கும் வருகிறது. ஆகவே வேடந்தாங்கல் வெடித்துக் கிடக்கும் அதே வாரத்தில் வடுவூர் ததும்பலாம். ஆனால் தேதியை நம்பாதீர்கள். அணையில் நீர் இல்லாத ஆண்டில் திறப்பு தள்ளிப்போகும். திறந்தாலும் முதலில் வயலுக்கு, பிறகுதான் ஏரிக்கு என்று முறை வைப்பதும் உண்டு. ஏரி விளிம்புவரை நிறைந்துவிட்டாலும் சிக்கல்தான். வாத்துக்கும் கூழைக்கடாவுக்கும் அது கொண்டாட்டம், ஆனால் உள்ளானுக்குக் கால்வைக்கச் சேறு இருக்காது. அப்போது ஏரியை விட்டு அதைச் சுற்றியுள்ள நடவு வயல்களுக்குப் போங்கள். மஞ்சள் வாலாட்டி, தகைவிலான், மின்கம்பி நெடுக நீலவால் பஞ்சுருட்டான் எல்லாம் அங்கேதான் இருக்கும். வரப்பில் ஏறுமுன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வடுவூர் தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் இருக்கிறது. கோடியக்கரைக்குப் போகும்போதே பார்த்துவிடலாம். உங்கள் அப்பா பறவை பார்க்கும் கோபுரம் எதிலும் ஏற வேண்டாம். மடக்கு நாற்காலி ஒன்றை ஏரிக்கரையில் போட்டு, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காரவையுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை, பிறகு மாலை நான்குக்கு மேல். நடுப்பகலில் ஓய்வு.

போகும் இடத்தில் சென்ற வாரம் என்ன கண்டார்கள் என்பதை, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ‘இபேர்ட்’ (eBird) இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஏற்பாட்டாளர் தரும் பட்டியலை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தொலைநோக்கி வாங்கும் எண்ணம் இருந்தால் 8×42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். ஐம்பது மடங்கு, நூறு மடங்கு என்று மலிவாக விற்பதைத் தொடாதீர்கள். கை நடுக்கமும் அத்தனை மடங்காகும், பறவை கண்ணில் நிற்காது. மகளின் கைக்குக் கனமாக இருந்தால் 8×32 வாங்குங்கள். கடையில் அவள் கையிலேயே கொடுத்து, தெருமுனைக் கம்பத்திலிருக்கும் காகத்தின் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். தெரிகிறது என்று சொன்ன பிறகு பணத்தைக் கட்டுங்கள்.