மேலேறும் நாணயம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர்கள் அறிவியலை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயும் அறிவியல் கல்வி ஆய்வு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பாடத்தில் ஆழமும் மாணவர்மேல் அக்கறையும் இருப்பவர் நன்றாகவே கற்பிப்பார். அதற்கு முனைவர் பட்டமும் ஆய்விதழும் கொண்ட தனித்துறை எதற்கு? இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். அனுபவம் சொல்லித்தராத எதை இந்த ஆய்வு சொல்லித்தந்துவிடும்?

ஓர் இயற்பியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

ஒரு நாணயத்தை நேர்மேலே சுண்டுகிறோம். கையை விட்டு அகன்று இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையை விட்டுவிடுவோம். அதன்மேல் செயல்படும் விசைகள் எவை? புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால் நியூட்டன் விதிகளைப் பிழையின்றி எழுதும் மாணவர்களே மேல்நோக்கியும் ஓர் அம்புக்குறி போடுவார்கள். 'கை கொடுத்த விசை' என்று அதற்குப் பெயரும் வைப்பார்கள். 1982இல் வெளியான ஜான் கிளெமென்ட்டின் ஆய்வில் பொறியியல் மாணவர்களில் பெரும்பாலோர் தவறாகத்தான் விடையளித்தார்கள். இயக்கவியல் பாடத்தை முடித்தவர்களும்தான்.

அந்த அம்புக்குறியைச் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். அதன்முன் நின்று, 'ஏன் இதைப் போட்டாய்?' என்று கேட்ட இடத்தில்தான் இத்துறை உயிர்பெற்றது என்பேன். சிறுவயது முதல் வண்டி தள்ளியும் பந்து எறிந்தும் தேறிய நம்பிக்கை அது: நகரும் பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேர விரிவுரைக்கு அது அசைந்துகொடுக்காது.

அமெரிக்காவில் இத்துறைக்கான சங்கம் 1928இலேயே தோன்றிவிட்டது. 1957இல் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தபின் புதிய பாடத்திட்டங்களுக்குப் பணம் குவிந்தது. அப்போதும் எதைக் கற்பிப்பது என்பதே பெரிய கேள்வி. 1970களில்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மட், இங்கிலாந்தில் ரோசலிண்ட் டிரைவர் போன்றவர்கள் மாணவர்களைப் பேசவிட்டுக் காதுகொடுத்தார்கள். மெக்டெர்மட்டின் குழு இயங்கியது இயற்பியல் துறைக்குள்ளேயே. இந்த ஆய்வுக்கு அங்கே இயற்பியலிலேயே முனைவர் பட்டம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

அனுபவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் மாணவர்கள் மெச்சிய ஆசிரியர். விசை பற்றிய எளிய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்டார்: நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா? அதன்பிறகு மசூர் தாம் கற்பிக்கும் முறையையே மாற்றிக்கொண்டார்.

1998இல் ரிச்சர்ட் ஹேக், 62 இயற்பியல் வகுப்புகளில் பாடத்துக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வுகளின் முடிவுகளைத் தொகுத்தார். முன்தேர்வில் விட்டுப்போன மதிப்பெண்ணில் வழக்கமான விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டையே பிறகு ஈட்டியிருந்தன. மாணவர்கள் ஊகித்து, விவாதித்து, செய்துபார்த்த வகுப்புகள் 48 விழுக்காட்டை ஈட்டின. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தனியொருவர் தம் வகுப்பறைக்குள் இருந்தபடி இதைக் கண்டிருக்க முடியாது.

அடுத்த வகுப்பில் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். மேல்நோக்கி அம்புக்குறி போட்டவரிடம், அந்த விசை இப்போது எங்கே இருக்கிறது, எப்போது தீரும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு சொல்லும் திருத்தாமல் எழுதி எனக்கு அனுப்புங்கள்.