கலைந்துபோன கல்லூரி பேண்டின் கேசட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு உயிரான ஒரு கல்லூரி பேண்ட் நாலே வருடத்தில் கலைந்துவிட்டது. ஆல்பம் ஏதும் வரவில்லை. மேடையோரம் அவர்கள் விற்ற 60 நிமிடக் கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபது வருடமாக அதைப் போடவே இல்லை. கம்ப்யூட்டரில் எப்படி ஏற்றுவது?

பதில்: முதலில், "ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசையை அடக்குங்கள். அந்த ஒரு தடவையில் சிக்கிக் கசங்கிய நாடாக்கள் ஏராளம்.

கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். இனிமேல் கை தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் பாட்டு அழியாது. அடுத்து, நாடா வெளியே தெரியும் வாய்ப்பகுதியைப் பாருங்கள். நடுவில், மெல்லிய செம்புத் தகட்டின் மேல் ஒரு பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருக்கும். நாடாவை, கருவியில் ஒலியைப் படிக்கும் பகுதியான ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து இது விழுந்துவிடும். அப்புறம் ஒலி மங்கும், ஏறி இறங்கும். நாடா கெட்டுவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த நிலையில்தான். ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறொரு கேசட்டைத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் நாடாவோடு அந்தக் கூட்டுக்கு மாற்றினால் போதும். நாடாவுக்கு மேலும் கீழும் இருக்கும் வழுவழுத் தாள்களைப் போட மறக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் சக்கரம் உரசி நின்றுவிடும்.

தளர்வைப் பென்சிலால் சுற்றி இறுக்குங்கள். பிறகு டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) கடைசி வரை ஒரு முறை ஓட்டி, திரும்பவும் முதலுக்குச் சுற்றுங்கள். பல வருடம் ஒன்றின்மேல் ஒன்றாக அழுந்திக் கிடந்த சுற்றுகள் விடுபட்டு, இழுவிசை சீராகும். அதற்கு முன்பே ஹெட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்திருக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு மட்டும் ஈரத்துணி போதும். ஆல்கஹால் பட்டுப் பட்டு ரப்பர் வறண்டு போகும்.

இனி முக்கியமான இடம்: ஹெட்டின் சாய்வு. அந்தக் கேசட் பதிவான டெக்கின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இருக்காது. மிகச் சிறிய வித்தியாசம் இருந்தாலே சிம்பல் (டிரம்மோடு இருக்கும் உலோகத் தட்டு) ஓசை முழுக்கப் போய், போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடும். ஹெட்டின் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஸ்பிரிங் போட்டிருப்பதுதான் சாய்வை மாற்றுவது. இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டுக்கொண்டே அதை எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கும் குறைவாக மெல்லத் திருப்புங்கள். சிம்பல் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபக்கத்துக்கு மறுபடி சரிபார்க்க வேண்டும். நாடா இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனைத் தொடுவதெல்லாம் இதற்குப் பிறகுதான்: மேல் ஸ்தாயி குறைந்த நிலையில் டால்பி போட்டால், அது இன்னும் குறைத்துவிடும். டால்பியோடு பதிவானதா என்று தெரியாவிட்டால் அதை அணைத்தே ஏற்றுங்கள்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்னுக்கு இணைப்பு கொடுங்கள். மைக் துளை வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். மிகப் பலமான டிரம் அடி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. இரைச்சல் நீக்குவது, ஒலியைத் தூக்குவது எல்லாம் நகலில் மட்டும். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: அந்தக் குழுவின் கிதாரிஸ்ட் கொடுத்த கேசட்டைப் போட்டால், ஒரு பக்கம் பாதி வேகத்தில் இழுக்கிறது. மறுபக்கம் பாட்டு தலைகீழாக ஓடுகிறது. நாடா வீணாகிவிட்டதா?

பதில்: வீணாகவில்லை. உங்கள் கையில் இருப்பது அநேகமாக அவர்கள் பாட்டைக் கட்டியெழுப்பிய மூலநாடா! 1979-இல் வந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ போன்ற நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) கருவிகள் சாதாரணக் கேசட்டிலேயே பதிவு செய்தன. வழக்கமான கேசட் வினாடிக்கு 4.76 செ.மீ. ஓடும்; இது அதற்கு இரு மடங்கு வேகம். நாடாவின் முழு அகலத்தையும் நான்கு டிராக்குகள் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். அதனால் சாதாரண டெக்கில் முதல் பக்கத்தில் இரண்டு டிராக் மெதுவாகவும், திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கியும் கேட்கும்.

இரண்டையும் தனித்தனியே ஏற்றி, வேகத்தை இரட்டிப்பாக்கி, ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டு இணைக்கலாம்தான். ஆனால் டெக்கின் வேகம் ஒவ்வொரு ஓட்டத்திலும் நூலிழை மாறும். மூன்றாவது நிமிடத்திலேயே டிரம்முக்கும் குரலுக்கும் விலகல் தெரியும். அதோடு இவ்வகைக் கருவிகள் பலவற்றில் டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்பு உண்டு. பதிவின்போது அது சுருக்கிய ஒலியை ஓட்டும்போது விரிக்காமல் கேட்டால் இரைச்சல் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும். அதே வகைக் கருவி கிடைக்கும்வரை பொறுத்திருப்பதே சரி. நான்கு டிராக்கையும் நான்கு சேனலில் ஒரே ஓட்டத்தில் எடுங்கள். பாடகரின் குரலைத் தனியாகக் கேட்கும் அந்தப் பாக்கியத்துக்கு எவ்வளவு நாள் காத்திருந்தாலும் தகும்.

கேள்வி: எம்பி3 ஆக வைத்தால் போதாதா?

பதில்: நண்பருக்கு அனுப்ப, போனில் கேட்கப் போதும். பாதுகாக்கப் போதாது. எம்பி3-ஐத் திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கும்போதெல்லாம் ஒலியில் கொஞ்சம் உதிரும். ஃப்ளாக் கோப்பாக வையுங்கள். வேவைவிட இடமும் குறையும், ஒலியில் ஒரு துளியும் குறையாது.

கேள்வி: பேண்ட்தான் இல்லையே, இணையத்தில் ஏற்றினால் யார் தட்டிக் கேட்கப் போகிறார்கள்?

பதில்: குழு கலைந்தாலும் உரிமை கலையாது. 1886-இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. எழுதிய கணமே அது எழுதியவருடையது. கல்லூரிக் குழுக்களில் யார் எதை எழுதினார் என்று தாள் எதுவும் இருக்காது. அதனால் பாட்டுப் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு உறுப்பினரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மின்னஞ்சலில் வந்தாலும் சரி. அடுத்தவர் பாட்டை அவர்கள் மேடையில் பாடியிருந்தால், அதைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

எங்கே ஏற்றினாலும் அதுதான் ஒரே பிரதி என்று இருந்துவிடாதீர்கள். மைஸ்பேஸ் தளம் சர்வர் மாற்றியபோது, பல வருடப் பாடல்கள் மொத்தமாகப் போயின. 2019-இல்தான் அது வெளியே தெரிந்தது. சிறிய குழுக்கள் பலவற்றுக்கு அதுவே ஒரே இருப்பிடமாக இருந்தது. மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்று வேறு வீட்டில்.

கேள்வி: பழைய உறுப்பினர்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. என்ன எழுதுவது?

பதில்: "நான் உங்கள் தீவிர ரசிகை" என்று இரண்டு பக்கம் எழுதினால், என்ன பதில் போடுவது என்று அவர்களுக்கும் தெரியாது. கேசட் அட்டையின் படத்தை இணைத்து, பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில் கீபோர்டு வாசித்தது யார்?" தேதியைக் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. "அது தேர்வுக்கு முன்பா, பின்பா? டிரம்மர் மாறிய பிறகா?" என்று கேட்டால் வரும். பதிலோடு, கேட்டது யார், எப்போது என்பதையும் ஒலிக்கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் எழுதி வையுங்கள். அடுத்த கடிதத்தில், நீங்கள் ஏற்றிய பாட்டை அவருக்கு அனுப்புங்கள். அவரிடமே பிரதி இல்லாமல் இருக்கலாம்.