போர்ஷன் முடிந்தும் பின்னக் கணக்கு வரவில்லையா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். போர்ஷனை முடித்துவிடுகிறேன். ஆனாலும் பாதிப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு வருவதில்லை. பாடத்திட்டத்தை என் வகுப்புக்கு ஏற்ப மாற்றலாமா?

பதில்: என்னென்ன கற்பிக்க வேண்டும் என்பதில் நீங்கள் கைவைக்க முடியாது, டீச்சர். தமிழ்நாடு அரசு அமைத்த, பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் உருவான பாடத்திட்டம் அது. 2017 நவம்பரில் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2018-19இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புத்தகம் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு. ஆனால் எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியடு, எதை முன்கூட்டியே தொட்டுவைப்பது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை என்பது என் வருத்தம்.

மூன்று பருவப் புத்தகங்களையும் ஜூன் மாதமே ஒன்றாக விரித்து வையுங்கள். முதல் பருவத்தில் விகிதம், இரண்டாம் பருவத்தில் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), மூன்றாம் பருவத்தில்தான் பின்னங்கள். விகிதத்தைச் சுருக்கச் சமான பின்னம் (1/2, 2/4 போல ஒரே மதிப்புள்ளவை) தெரிய வேண்டும். வேற்றினப் பின்னங்களை, அதாவது கீழ் எண் வேறுவேறாக உள்ளவற்றை, கூட்ட மீ.சி.ம. வேண்டும். ஆகவே பின்னத்துக்கான வேலையை விகிதப் பாடத்திலேயே தொடங்கிவிடுங்கள். அங்கே இரண்டு மூன்று பீரியடு கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை. ஜனவரிக்குத் தள்ளிப் போட்டால், ஆண்டுத் தேர்வு நெருக்கடியில் விதியை மனப்பாடம் செய்யவைக்க மட்டுமே நேரம் இருக்கும்.

அப்புறம், பாடக்குறிப்பு எழுதும் முன்பே தேர்வுக் கேள்வியை எழுதிவிடுங்கள். பாடத்தின் முகப்பில் உள்ள கற்றல் நோக்கங்களைப் பார்த்து, 'இது வந்துவிட்டது என்று எதை வைத்து நம்புவேன்?' என்று கேட்டுக்கொண்டால் கேள்வி கிடைத்துவிடும்.

மதிப்பீட்டுக்கு வருவோம். வளரறி (பாடத்தின் நடுவே செய்யும் மதிப்பீடு) 40, தொகுத்தறி (பருவ முடிவுத் தேர்வு) 60 என்று மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம். அந்த 40 எதற்காக? பாடம் நடக்கும்போதே திருத்திக்கொள்ளத்தான். 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதினால் தப்பு போட்டுவிட்டு நகராதீர்கள். 'அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, விடை அரையைவிடக் குறைவாக வருமா?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், பின்னத்தின் அளவே மனதில் பதியவில்லை என்று அர்த்தம்; காகிதத்தை மடித்து, நிழலிட்டுக் காட்ட வேண்டும். 3/6 + 2/6 வரை சரியாக வந்து, கூட்டலில் மட்டும் பிசகியிருந்தால் அது வேறு சங்கதி, கொஞ்சம் பயிற்சி போதும். இரண்டு பேருக்கும் ஒரே மீள்பயிற்சித் தாளைக் கொடுப்பதால்தான் பலன் கிடைப்பதில்லை.

ஒரு கேள்வியை நாலைந்து பேர் மட்டும் தவறவிட்டால் அவர்களைத் தனியாகக் கவனியுங்கள். வகுப்பில் பெரும்பாலோர் தவறவிட்டால், பிள்ளைகளைக் குறைசொல்ல வேண்டாம். பாடத்தை நடத்திய வரிசையிலோ கொடுத்த நேரத்திலோதான் கோளாறு. அதைப் பாடக்குறிப்பிலேயே தேதி போட்டு எழுதிவையுங்கள்.

அந்தக் குறிப்புகளை, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பக்கத்துப் பள்ளிகளிலும் அதே இடத்தில்தான் இடிக்கிறது என்று தெரிந்தால், எல்லோரும் சேர்ந்து மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள். 'பாடம் கடினம்' என்று மொத்தமாகச் சொல்லாமல் பக்க எண், கேள்வி எண், பிள்ளைகள் எழுதிய தவறான விடை மூன்றையும் குறிப்பிடுங்கள். புத்தகத்தைத் திருத்த உட்காருபவர்களுக்குத் தேவைப்படுவது இந்த விவரம்தான்.